வாரண்டி முடிந்த மறுமாதம் நின்றுபோன சீர் ஃப்ரிட்ஜ்: அண்ணாச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய, வீட்டுச் சாதனங்களைப் பற்றியவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களும் அதைத் தங்களுக்கு எழுதிய பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி, போன வருஷம் ஆவணியில் மகள் கல்யாணத்துக்குச் சீராக டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தோம். திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையில் 41,500 ரூபாய். மகள் சங்கரன்கோவிலில் இருக்கிறாள். பத்தாம் மாதம் குளிர் நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை. பதின்மூன்றாம் மாதம் மறுபடியும் அதே கதை. இப்போது 'காயில் லீக், வாரண்டி முடிஞ்சிட்டு, 9,800 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். கடையில் கேட்டால் 'வித்ததோட எங்க வேலை சரி, கம்பெனியப் பாருங்க' என்கிறார்கள். கதவில் பத்து வருஷ வாரண்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சம்பந்தி வீட்டு முன்னால் தலைகுனிவாக இருக்கிறது. பில் என் வீட்டுக்காரர் பெயரில். என்ன செய்யலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

அம்மா, சம்பந்தி வீட்டை நினைத்து நீங்கள் தலைகுனிய வேண்டியதே இல்லை. முழு விலை கொடுத்து, நல்ல பொருள் என்று நம்பித்தான் வாங்கினீர்கள். இந்தப் பதிலை மகளிடம் காட்டுங்கள். சம்பந்தியம்மாவும் படிக்கட்டும்.

முதலில் அந்த ஸ்டிக்கர். வாரண்டி அட்டையைப் பிரித்துப் பாருங்கள். முழு ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருஷம், கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருஷம் என்று இருக்கும். கம்ப்ரசர் என்பது பின்பக்கம் அடியில் கறுப்பாக உருண்டு உட்கார்ந்திருக்கும் மோட்டார். குளிர்க் காயில் (கேஸ் ஓடிக் குளிரவைக்கும் சுருள் குழாய்), கேஸ், எலக்ட்ரானிக் போர்டு, ஃபேன், கதவு ரப்பர் எதுவும் அந்தப் பத்து வருஷத்தில் சேராது. கம்ப்ரசரே போனாலும், கம்ப்ரசர் இலவசம், கேஸ் ஏற்றும் செலவும் கூலியும் வண்டி வாடகையும் வாங்கியவருடையது என்று பல கம்பெனிகள் அட்டையில் போட்டிருக்கின்றன. கதவில் 'பத்து' மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். 'கம்ப்ரசருக்கு மட்டும்' என்பது பொடி எழுத்தில் இருக்கும். எத்தனையோ வீடுகளில் இந்த ஸ்டிக்கரைக் காட்டி என்னிடம் நியாயம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரம்தான் வந்திருக்கிறது.

ஆனால் நீங்கள் ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். உங்கள் பக்கத்து நியாயம் பத்தாம் மாதத்தில் இருக்கிறது.

நான் இந்தப் பக்கம் எழுத வருவதற்கு முன் வண்ணார்பேட்டையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ், வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவது இல்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றி வருகிறது. இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற கேஸ். மொத்தமாகப் போடுவதே சில பத்து கிராம்தான். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

வேலை தெரிந்த ஆள் முதலில் அந்த ஓட்டையைத் தேடுவார். குழாய் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்ப்பார். கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதில் தூசி படிந்து கறுப்பாக ஒரு பிசுக்கு இருக்கும். அது அகப்படவில்லை என்றால் நைட்ரஜன் ஏற்றி, ஒட்டுகளில் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழ் விடுகிறது என்று பார்ப்பார். ஓட்டையை அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டுக் காயவைத்து, அப்புறம்தான் கேஸ் ஏற்றுவார். இதற்கு அரை நாள் ஆகும். உங்கள் மகள் வீட்டுக்கு வந்தவர் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியென்றால் ஓட்டை வாரண்டிக்குள்ளேயே இருந்தது. புகார் கொடுத்து, கம்பெனி ஆள் வந்து பார்த்தும், அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் மாதம் வந்தது புதுக் கோளாறு இல்லை, பத்தாம் மாதம் தீர்க்காமல் விட்ட அதே கோளாறு. சட்டத்தின் மொழியில் சொன்னால், பொருளில் குறைபாடு ஒன்று, சேவையில் குறைபாடு இன்னொன்று. இரண்டும் வாரண்டி நாட்களுக்குள் நடந்தவை.

'நீங்கதான் ஏதாவது குத்தியிருப்பீங்க' என்று சொல்லிப் பார்ப்பார்கள். பழைய சிங்கிள் டோரில் ஐஸைக் கத்தியால் நெம்பி எடுக்கப்போய் காயிலில் பொத்தல் விழுவது உண்டு. உங்களுடையது ஐஸ் கட்டாத டபுள் டோர் என்றால், குளிர்க் காயில் ஃப்ரீசரின் பின் தகட்டுக்கு உள்ளே, ஸ்குரு போட்டு மூடிய இடத்தில் இருக்கிறது. வேறு சில குழாய்கள் பக்கச் சுவருக்குள் நுரையில் புதைந்திருக்கும். வீட்டில் புழங்குகிறவர் கை அங்கே போகவே முடியாது. கை போகாத இடத்தில் பத்து மாதத்தில் ஓட்டை விழுந்தால் அது பொருளோடு வந்த குறை. இந்த வாக்கியத்தைப் புகாரில் அப்படியே எழுதுங்கள்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். நியாயம் கையில் இருந்தும் மக்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பத்தாம் மாதம் வந்தவர், செய்த வேலையைக் குறித்த ஜாப் ஷீட் என்ற தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார். அதன் நகல் மகளிடம் இருக்கிறதா? இல்லை என்றால் போனில் தேடச் சொல்லுங்கள். சர்வீஸ் பதிவு எண்ணோடு ஒரு குறுஞ்செய்தி, வேலை முடிந்ததும் இன்னொரு குறுஞ்செய்தி வந்திருக்கும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கம்பெனிக்கு ஈமெயில் போட்டு, அந்தப் பதிவு எண்ணுக்கான சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். இப்போது 'காயில் லீக்' என்று சொன்னவரிடம் அதையே எஸ்டிமேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், நீங்களே அன்று சாயங்காலம் கம்பெனிக்கு எழுதிவிடுங்கள்: 'இன்று வந்த உங்கள் ஊழியர் காயிலில் லீக் என்று சொன்னார், 9,800 ரூபாய் கேட்டார்.' அதை மறுத்து அவர்கள் பதில் போடாவிட்டால் அதுவும் உங்களுக்கு ஆதாரம்தான். போனில் பேசுவது ஆறுதலுக்கு உதவும், வழக்கு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உதவாது.

அதுவரை வெளி மெக்கானிக்கை வைத்துத் திறக்க வேண்டாம். கல்யாணமான புதுசில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு குடும்பம் படும் பாடு எனக்குப் புரிகிறது. இருந்தாலும், திறந்துவிட்டால் 'வெளியாள் கை வைத்துவிட்டார்' என்ற ஒரே வரியில் கம்பெனி கழன்றுகொள்ளும். வேறு வழியே இல்லை என்றால், இத்தனாம் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் வெளியில் சரிசெய்துகொள்வோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை நடக்கும்போது ஓட்டை இருக்கும் இடத்தை வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மாற்றிய காயிலைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் சாக்கில் கட்டி வையுங்கள்.

பிறகு கம்பெனிக்கும் கடைக்கும் ஒரே கடிதம், ஈமெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும். தேதிவாரியாக நடந்ததைச் சொல்லி, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: இலவசமாகக் காயில் மாற்றித் தர வேண்டும், இல்லையேல் வேறு ஃப்ரிட்ஜ், இல்லையேல் பணம். பதினைந்து நாள் கெடு. அதே சமயம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. ஆனால் புகார் கம்பெனியின் மேலதிகாரி மேஜைக்குப் போகும். நிறைய விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், இருக்கிறவர் இல்லாதவர் மேல் பழியைப் போடுவார்.

பில் உங்கள் வீட்டுக்காரர் பெயரில், புழங்குவது மகள். இதனால் ஒரு தடையும் இல்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. சீர் கொடுத்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வரி வேண்டாம். வீட்டுக்காரரும் மகளும் சேர்ந்தே புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருப்பதும் திருநெல்வேலி மாவட்டம், கடை இருப்பதும் திருநெல்வேலி. ஆகவே திருநெல்வேலி ஆணையத்திலேயே போடுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பத்தாம் மாதத்தையே முதல் நாளாகக் கணக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு வருஷம் புழங்கிய பொருளுக்கு முழு விலையும் திரும்ப வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இலவசமாகச் சரிசெய்து கொடு என்று உத்தரவு வரலாம், மாற்றிக் கொடு என்று வரலாம், பணம் கொடு என்றும் வரலாம். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு தனி. இழப்பீடு கேட்கும்போது லட்சக்கணக்கில் எழுதாதீர்கள். நியாயமான தொகை கேட்கிறவர் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்திலும், ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். உத்தரவு வந்தும் கம்பெனி நிறைவேற்றாவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை உண்டு. அதனால் அந்தக் காகிதத்துக்குப் பலம் இருக்கிறது.

ஏழு மாதம் முன்னால் வாங்கிய ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் போர்டு எரிந்துவிட்டது. 'உங்க ஊர் உப்புத் தண்ணி, வோல்டேஜும் சரியில்ல, அதனால வாரண்டி கிடையாது' என்கிறார்கள். தண்ணீர் உப்பு என்பது உண்மைதான். விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், திசையன்விளை

விட வேண்டாம் தம்பி. தேரிக்காட்டு ஓரம் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராதாபுரம், வள்ளியூர் பக்கமும் பல இடத்தில் அதே நிலைமைதான். குடிதண்ணீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதையும் தாண்டும் கிணறுகள் உங்கள் பக்கம் உண்டு.

அந்தத் தண்ணீர் மெஷினில் எதைக் கெடுக்கும்? தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் கம்பியைக் கெடுக்கும். கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகக் கட்டிப் பிடித்திருக்கும். தண்ணீர் உள்ளே வரும் இடத்து வலையை அடைக்கும், வால்வை இறுக்கும். நாள்பட்டால் டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கையையும் அரிக்கும். போர்டு இருப்பது தண்ணீர் படாத இடத்தில். உப்புத் தண்ணீரால் போர்டு எரிந்தது என்று சொல்கிறவர், தண்ணீர் எந்த வழியாக அங்கே போனது என்று காட்ட வேண்டும். கசிந்து போயிருந்தால், ஏழு மாதத்தில் ஏன் கசிந்தது என்பதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் வேலை, காரணம் உப்பா வோல்டேஜா என்று ஜாப் ஷீட்டில் எழுத வைப்பது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால் பெரும்பாலும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். வோல்டேஜ் என்றால், வந்த அன்று மீட்டரில் எத்தனை வோல்ட் காட்டியது? அதையும் எழுதட்டும். உங்கள் மெஷினின் விளம்பரத்தாளை எடுத்துப் பாருங்கள். பல மாடல்களில் ஸ்டெபிலைசர் தேவையில்லை, இத்தனை வோல்ட் முதல் இத்தனை வோல்ட் வரை ஓடும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லி விற்றுவிட்டு வோல்டேஜைக் காரணம் காட்டுவது நியாயமற்ற வணிக நடைமுறை. மின்சாரம் உண்மையிலேயே ஏறி இறங்குகிறது என்றால் 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணில் புகார் செய்து பதிவு எண் வாங்குங்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் வீட்டு லைட் மங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

உங்களுக்கு இன்னொரு பலமான சாட்சி இருக்கிறது. மெஷினை மாட்டிக் கொடுக்க வந்த கம்பெனி ஆள். அவர்தான் குழாயை இணைத்தார், தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினார், இன்ஸ்டலேஷன் தாளில் கையெழுத்துப் போட்டார். போர்த் தண்ணீர் ஆகாது என்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? விற்கும்போது 'திசையன்விளைக்கா, அங்கே உப்புத் தண்ணி, இது ஆகாது' என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. பொருளைப் பற்றிய விவரம் தெரிந்துகொள்ளும் உரிமை சட்டப்படியே உங்களுக்கு உண்டு. வாரண்டியில் விலக்கு இருக்கிறது என்று சொல்கிற கம்பெனிதான், இந்தக் கோளாறு அந்த விலக்குக்குள் வருகிறது என்று நிரூபிக்க வேண்டும்.

பல்லி விழுந்து போர்டு எரிந்தது, எலி வயரைக் கடித்தது என்று அடுத்து வந்து நின்றால் நிதானமாகக் கேளுங்கள். அது நடக்கிற விஷயம்தான், பல்லி கருகிக் கிடந்த போர்டுகளை நானே எடுத்திருக்கிறேன். அப்படியானால் வாரண்டி உதவாது. ஆனால் போர்டை உங்கள் கண் முன்னால் திறந்து, பல்லியையோ கடிபட்ட வயரையோ காட்டிப் படம் எடுக்க வேண்டும். காட்டாமல் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனிமேல் மாதம் ஒரு தடவை சுண்ணாம்பு கரைக்கும் பொடி போட்டு ஓட்டுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதித்து அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன், அண்ணாச்சி. நானும் என் கொழுந்தன் பெண்டாட்டியும்தான் வேலை செய்கிறோம். கடன் வாங்கிப் பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். நாலு மாதத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. 'நீங்க வியாபாரத்துக்கு வாங்கியிருக்கீங்க, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது' என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

அவ்வளவுதான் இல்லை அக்கா. உங்களைப் பயமுறுத்தப் பாதிச் சட்டத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. அதற்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும் நுகர்வோர்தான், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்பது அதன் சாரம். அந்த வழக்கைப் போட்டவர் பெரிய அளவில் தொழில் நடத்தியதால் அவருக்குத் தீர்ப்புச் சாதகமாக இல்லை. உங்கள் நிலைமை வேறு. நீங்கள் உங்கள் கையால் அரைத்து, உங்கள் வீட்டு வாசலில் விற்கிறீர்கள்.

புகாரின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். வேறு வருமானம் இல்லை, நானே ஓட்டுகிறேன், கொழுந்தன் மனைவி உதவுகிறார், குடும்பம் இதில்தான் நடக்கிறது. கடன் பத்திரத்தின் நகலையும் சேருங்கள். இது எழுதாமல் விட்டுப்போய், வழக்கு வாசலிலேயே திரும்பி வருவது உண்டு.

அடுத்து அவர்கள் கேட்கப்போவது, ஒரு ஈட்டுக்கு எவ்வளவு அரிசி போட்டீர்கள், எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்பது. கையேட்டைப் பார்த்துப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் போட்டதாகச் சொன்னால், மோட்டாரைப் பிரித்து எந்தச் சுற்று எரிந்தது, ஏன் எரிந்தது என்று எழுத்தில் தரட்டும். அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டில்டிங் கிரைண்டரைக் கடைகளுக்கும் மெஸ்களுக்கும்தான் விற்கிறார்கள். அதில் அப்படி ஒரு வரி இருந்தால், அதையே ஆணையத்தில் கேள்வியாக வையுங்கள்.

கிரைண்டர் நின்ற நாட்களில் போன வருமானத்தையும் கேட்கலாம். அதற்கு அரிசி, உளுந்து வாங்கிய பில்லோ, வாடிக்கைக் கணக்கு நோட்டோ காட்ட வேண்டும். வக்கீல் தேவைப்பட்டால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். தயக்கமே வேண்டாம்; அது உங்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை.

ஆன்லைனில் வாங்கிய டிவியில் மூன்றே வாரத்தில் நெடுக்காகக் கோடு விழுந்துவிட்டது. வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில்தான் என்று அவர்கள் விதிமுறையில் இருக்கிறது.
– வாசகர், களக்காடு

களக்காட்டிலிருந்து பெங்களூருக்கு யாரும் போக வேண்டியதில்லை. 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில், எதிர்தரப்பு இருக்கும் ஊரையோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரையோ பார்க்க வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். விதிமுறைத் தாளில் எந்த ஊர் எழுதியிருந்தாலும் சரி. அதற்கு முன், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்பது மின்வணிக விதி. பேனல் உடைந்திருக்கிறது, நீங்கள்தான் தட்டிவிட்டீர்கள் என்று சொல்லக்கூடும். கோடு மட்டும்தான் இருக்கிறது, கண்ணாடியில் கீறலோ விரிசலோ இல்லை என்பது தெரிகிற மாதிரி, டிவியை அணைத்து ஒன்றும் போட்டு ஒன்றுமாக இரண்டு வீடியோ இன்றே எடுத்து வையுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதில் நனைந்த ஃப்ரிட்ஜைக் காயவைத்து ஓட்டினோம். கொஞ்ச நாள் ஓடி நின்றுவிட்டது. அப்போது வாரண்டி இருந்தும் கம்பெனி மறுத்துவிட்டது. வழக்குப் போடலாமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

போட வேண்டாம் அண்ணன். அந்த 17, 18 தேதிகளில் உங்கள் ஊர் பட்டதை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனாலும் வாரண்டி என்பது பொருளோடு வந்த குறைக்குத்தான்; வெள்ளம், இடி, தீ எல்லாம் அதற்கு வெளியே. கம்பெனி மறுத்ததில் தப்பு இல்லை. இந்த நஷ்டத்துக்கு வீட்டுப் பொருள் காப்பீடு மட்டுமே கைகொடுக்கும். இனி வாங்கும்போது கடையில் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று கூடுதல் பணம் கேட்டால், அது வெள்ளத்துக்கும் சேருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராது. அதை யார் தருகிறார்கள் என்றும் பாருங்கள். பல இடங்களில் தருவது பொருளைச் செய்த கம்பெனி இல்லை, வேறொரு நிறுவனம். பெயர், முகவரி, தொடங்கும் தேதி போட்டுத் தனி ரசீது வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஏசி வாங்கிய பில்லில் எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளைத் தாளாகிவிட்டது. கீழே அச்சடித்திருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' மட்டும் பளிச்சென்று இருக்கிறது. வாரண்டி கேட்க முடியுமா?
– வாசகி, மேலப்பாளையம்

முடியும் அம்மா. அது சூட்டில் எழுத்து விழும் தாள். நம்ம ஊர் வெயிலில் பீரோவுக்குள் இருந்தாலும் மங்கிவிடும். கடையின் கணினியில் உங்கள் பில் இருக்கும். வாங்கிய தேதி, போன் நம்பர் சொல்லி, ஜிஎஸ்டி எண்ணோடு நகல் கேளுங்கள். கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் வங்கிக் கணக்கில் தேதியும் தொகையும் இருக்கும். ஏசியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். மாட்ட வந்த அன்று கம்பெனியில் அந்த நம்பரைப் பதிந்திருந்தால் வாரண்டி அதிலேயே தெரியும். 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தில் இருக்கிறது. பிடிக்கவில்லை, நிறம் வேறு வேண்டும் என்று கேட்கிறவரிடம் வேண்டுமானால் கடைக்காரர் அந்த வரியைக் காட்டலாம். இனி பெரிய பொருள் எது வாங்கினாலும், கடையை விட்டு இறங்கும் முன் பில்லைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு ஜெராக்ஸும் போட்டு வாரண்டி அட்டையோடு பின் அடித்து வையுங்கள்.